வடசென்னையில் காதைப் பழக்கி, மலையில் புதர்த் தவளையைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதர்த் தவளையைப் பார்க்க மேற்கு மலைத்தொடருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல கேமராவோடு போகிறார்கள், அட்டைக்கடியோடு திரும்புகிறார்கள். தவளை இல்லாமல் இல்லை. அவர்கள் நின்ற இடத்தைச் சுற்றிப் பல தவளைகள் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள ஓர் உயிரை, இருட்டில், இலைகளுக்கு நடுவே கண்ணால் துழாவி எடுப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. முதலில் காது போக வேண்டும். டார்ச் வெளிச்சம் அதற்குப் பின்னால்தான்.

காதைப் பழக்குவதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. மாதவரம், மணலி, கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தெருமுனையிலேயே பயிற்சி கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் இங்கே பழகிக்கொண்டு, அடுத்த கோடை மழைக்கு மலையேறுவதுதான் என் யோசனை. இதை மாற்றிச் செய்தால் செலவுதான் மிஞ்சும்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேற்கு மலைத்தொடரின் புதர்த் தவளைகளில் பெரும்பாலானவை ராவோர்கெஸ்டெஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-இல் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. இதுவரை 70-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பல, ஒரே ஒரு மலைப் பகுதியைத் தவிர வேறெங்கும் கிடையாது. கொடைக்கானல் பக்கத்து ராவோர்கெஸ்டெஸ் டுபோயிக்கு 2006-இல்தான் அறிவியல் பெயரே வந்தது. ஊட்டிப் பக்கத்து ராவோர்கெஸ்டெஸ் சிக்னேட்டஸ் 1882-லேயே விவரிக்கப்பட்டுவிட்டது. இரண்டும் தமிழ்நாட்டு மலைகள்தான், ஆனால் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. அந்தத் தாழ்வான, வெப்பமான வெளியைக் குளிரும் ஈரமும் தேவைப்படும் ஒரு சின்னத் தவளை கடந்து போக முடியாது. இரு பக்கமும் தனித்தனியாக இருந்து, காலப்போக்கில் வேறு வேறு இனங்களாகிவிட்டன. இந்த விஷயத்தை மனதில் வையுங்கள், கடைசியில் அடையாளம் காணும்போது உதவும்.

எல்லோரும் முதலில் குழம்பும் இடம் தண்ணீர். தவளை என்றால் குளம், குளம் என்றால் தலைப்பிரட்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததால், மலைக்குப் போனாலும் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். புதர்த் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியே கிடையாது. இலையின் மேலோ, தரையில் கிடக்கும் ஈரச் சருகுக்குள்ளோ, சில இனங்களில் மூங்கில் தண்டுக்குள்ளோ முட்டை இடுகிறது. தலைப்பிரட்டையாக நீந்த வேண்டிய காலம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும். சில வாரம் கழித்து முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது நான்கு காலும் உள்ள முழுத் தவளை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அதனால் இதற்குக் குளம் வேண்டாம், விடாத ஈரம்தான் வேண்டும். முட்டை காய்ந்தால் எல்லாம் போச்சு. மலையில் மேகம் இறங்கும் உயரத்தில், சோலை ஓரத்தில், நிழல் விழும் புதரில் இவை இருப்பதற்குக் காரணம் இதுதான். காட்டை வெட்டி வெயில் உள்ளே வரும்படி செய்தால், ஓடை அப்படியே ஓடிக்கொண்டிருந்தாலும் இவை காணாமல் போவதற்கும் அதுவே காரணம்.

மூங்கில் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. களக்காடு முண்டந்துறைப் பக்கம் ராவோர்கெஸ்டெஸ் சலசோடெஸ் என்று ஒரு பச்சைத் தவளை உண்டு. 1876-இல் விவரிக்கப்பட்டு, அதன்பின் நூறு ஆண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல், 2011-வாக்கில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மூங்கில் கணுக்களுக்கு நடுவே இருக்கும் சில மில்லிமீட்டர் அகலத் துளை வழியாக உடம்பை நெளித்து உள்ளே போய்விடுகிறது. முட்டையும் அங்கேதான். ஆண் தவளை உள்ளேயே இருந்து காவல் காக்கிறது. இதைப் பார்க்க நாம் போக முடியாது, புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு அனுமதி உள்ளவர்கள்தான் போகலாம். மூணாறை ஒட்டிய ஆனைமுடி உச்சிப் புல்வெளியில் வாழும் செம்மஞ்சள் நிற ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸும் அப்படித்தான். அது அழிவின் விளிம்பில் உள்ள இனம், படத்தில் பார்த்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது வேலிப்புதரில், எஸ்டேட் ஓரத்தில் கத்தும் சாதாரண இனங்கள். அவையே போதும்.

படி 2: வடசென்னையில் ஐந்து குரல்களைப் பிரித்துக் கேளுங்கள்

கத்துவது ஆண் மட்டும். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல், பெண் தவளை அதைக் கேட்டுத்தான் தன் இனத்து ஆணிடம் போகிறது. பெண் தவளை செய்வதை நாமும் செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, நல்ல மழை பெய்து விட்ட இரவு, ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள். ரெட்டேரி, மாதவரம், புழல் ஏரிக்கு வெளியே உள்ள தெருக்கள், மணலியில் இன்னும் கட்டடம் எழாத காலி மனைகள் எல்லாம் நல்ல இடங்கள். புழல் ஏரி குடிநீர் ஏரி, கரைமேல் ஏறி அலைய வேண்டாம். எண்ணூர்ப் பக்கம் போகாதீர்கள். கழிமுகத்துத் தண்ணீர் உப்பு, தவளைக்கு ஆகாது. அது போக 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த இடம் அது. பக்கிங்காம் கால்வாயையும் விட்டுவிடுங்கள்.

முதல் குரல், மழைநீர் தேங்கிய புல்லுக்குள்ளிருந்து வரும். சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் வருமே, அதே 'க்ர்ரிக், க்ர்ரிக்'. சத்தத்தைக் கேட்டால் கைக்கு அடங்காத தவளை என்று தோன்றும். உண்மையில் அது மைக்ரோஹைலா ஆர்னேட்டா என்ற சிறுவாய்த் தவளை, இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். உங்களுக்கு இதுதான் முக்கியமான ஆசிரியர். புதர்த் தவளையின் அளவே உள்ளது, மறைந்திருந்து கத்துவது, கிட்டே போனால் வாயை மூடிக்கொள்வது எல்லாமே மலையில் சந்திக்கப்போகும் அதே தொல்லைகள்.

இரண்டாவது, வயல் தவளை. மினர்வேரியா என்ற பேரினம். விட்டு விட்டு அடுக்காகக் கத்தும், ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது தேரை. மூச்சு விடாத நீண்ட 'குர்ர்ர்ர்'. நான்காவது, முதல் பெருமழை அன்று மட்டும் கூட்டமாக வந்து கத்தும் பெரிய தவளை, ஹோப்லோபாட்ராக்கஸ் டைகரினஸ். அந்த ஒன்றிரண்டு நாள் ஆண் தவளையின் உடம்பு எலுமிச்சை மஞ்சளாகவும், தொண்டையின் இரு பக்கக் குரல் பைகள் நீலமாகவும் மாறிவிடும். ரோட்டோரப் பள்ளத்தில் இதைப் பார்த்துவிட்டு யாரோ பெயின்ட் அடித்துவிட்டதாக நினைத்தவர்கள் உண்டு.

ஐந்தாவது மரத்தவளை, பாலிபெடேட்ஸ் மேகுலேட்டஸ். 'டக்... டக்டக்' என்று மரத்தைத் தட்டும் தினுசில் விட்டு விட்டு வரும். பாத்ரூம் சுவரிலும் தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேதான். புதர்த் தவளைக்கும் இதற்கும் ஒரே குடும்பம். விரல் நுனியில் இருக்கும் வட்டத் தட்டுகளைக் கவனியுங்கள், புதர்த் தவளைக்கும் அவை உண்டு. வித்தியாசம் பிள்ளை பெறும் முறையில். இது தண்ணீருக்கு மேலே சுவரிலோ கிளையிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும், தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். மொட்டைமாடித் தொட்டிச் சுவரில் வெள்ளை நுரை கண்டால் விளக்குமாற்றை எடுக்காமல் நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள்.

ஐந்தையும் ஒரே இரவில் பிரிக்க முடியாது. ஒரு இரவுக்கு ஒரு குரல் என்று வையுங்கள். கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கையையும் காதுக்குப் பின்னால் குவித்து, மெதுவாகத் தலையைத் திருப்புங்கள். எந்தப் பக்கம் சத்தம் கூர்மையாகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். வடசென்னையில் கன்டெய்னர் லாரி, மின்சார ரயில், பக்கத்துத் தெருக் கோயில் மைக் எல்லாம் சேர்ந்து வரும். தொல்லைதான், ஆனாலும் இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சிறுவாய்த் தவளையைத் தனியாகப் பிடித்துவிட்டால், மலையில் சில்வண்டுக்கும் ஓடைக்கும் நடுவே பிடிப்பது பெரிய விஷயமாக இருக்காது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். மூடி இல்லாத சாக்கடை எங்கே என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். தவளை கூடும் இடத்துக்கு அதைத் தின்ன தண்ணீர்ப் பாம்பு வரும், நல்ல பாம்பும் வரும், அதனால் டார்ச் அடிக்காமல் கால் வைக்கக் கூடாது. மனிதர்களும் வருவார்கள். இரவில் டார்ச்சோடு காலி மனையில் குனிந்து நின்றால், "இன்னாண்ணா, அங்க இன்னா தேடிக்கினு கீற?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். தவளை பார்க்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள், வேறு எது சொன்னாலும் சந்தேகம்தான் கூடும். உள்ளூர் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது. அடுத்த படிக்கும் இரண்டு பேர் தேவை.

படி 3: இரண்டு டார்ச் வித்தை

இதை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டால் மீதி வழிகாட்டியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒருவர் காதால் திசையைச் சொல்ல முடியும், தூரத்தைச் சொல்வது கஷ்டம். அதனால் குரல் ஒரு மீட்டரில் இருப்பதாக நினைத்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் செடியை விட்டுவிடுவோம். இருவர் சேர்ந்தால் தூரம் தானாக வந்துவிடும். மூன்று, நான்கு மீட்டர் இடைவெளி விட்டு இருவரும் நில்லுங்கள். டார்ச்சை அணைத்துவிடுங்கள். தவளை கத்தும்வரை காத்திருந்து, இருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், சத்தம் வரும் திசைக்குக் கையை நீட்டுங்கள். பேசினால் ஒருவர் சொன்னது அடுத்தவர் காதை மாற்றிவிடும். கையை நகர்த்தாமல் அதே திசையில் டார்ச்சை அடியுங்கள். இரண்டு வெளிச்சமும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே தேடுங்கள்.

ஒரு கோட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இருவரும் சில அடி நகர்ந்து மறுபடி செய்து பாருங்கள். இரண்டு முறையும் ஒரே செடிக்கு வந்தால் அந்தச் செடிதான். உயரத்தையும் இப்படியே பிடிக்கலாம், ஒருவர் நின்று கேட்க, மற்றவர் குந்தி உட்கார்ந்து கேட்க வேண்டும். மலையில் இது மிக முக்கியம், ஏனென்றால் சில இனம் முழங்கால் உயரப் புதரிலும் சில இனம் தலைக்கு மேல் கிளையிலும் உட்காரும்.

கிட்டே போனதும் தவளை நிறுத்திவிடும். அப்போது புதரைக் கலைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, அதோடு அந்த இரவு முடிந்தது. டார்ச்சை அணைத்து அசையாமல் நில்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகலாம், பத்தும் ஆகலாம். தூரத்தில் உள்ள தவளை முதலில் தொடங்கும், அதைக் கேட்டு இதுவும் பொறுக்க முடியாமல் தொடங்கிவிடும். போட்டிக் குரலைக் கேட்டுச் சும்மா இருக்க ஆண் தவளைக்கு முடியாது. அதற்காக போனில் பதிவுக்குரலைப் போட்டுக் காட்டி வம்புக்கு இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இணையைக் கூப்பிட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு சண்டை போட்டு அது வீணாக்கும்.

படி 4: குரலைப் பதிவு செய்து எழுதி வையுங்கள்

சாதாரண போன் போதும். ஃப்ளைட் மோடில் போட்டு, ஒலிப்பதிவுச் செயலியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, ஓரிரு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு நிமிடமாவது பதியுங்கள். முடிந்ததும் அதே பதிவில் உங்கள் குரலில் தேதி, நேரம், இடம், மழையா தூறலா, தவளை எந்த உயரத்தில் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். காகிதம் நனையும், தொலையும். இது பதிவோடேயே இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டால் குரல் படமாகத் தெரியும். சில்வண்டின் கோடு பெரும்பாலும் இடைவெளி இல்லாத பட்டையாக ஓடும், தவளையுடையது தட்டுத் தட்டாக, இடைவெளியோடு இருக்கும். புதியவர்கள் மலையில் சில்வண்டைத் தவளை என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடுவது சகஜம். இந்தப் படங்களைக் கொஞ்சம் பார்த்துப் பழகினால் காதும் பிரிக்கத் தொடங்கும். பறவைக் குரலைச் சொல்லும் மெர்லின் செயலியைத் தவளைக்கு நம்ப வேண்டாம், அது பறவைக்காகச் செய்தது.

படி 5: எப்போது, எந்த மலை

ஏப்ரல், மே கோடை மழை விழுந்ததுமே புதர்த் தவளைகள் கத்தத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஜூனில் உச்சம். ஆனால் ஜூலையில் வால்பாறை மழை கொட்டும் கொட்டில் எதுவுமே காதில் விழாது. மே கடைசி அல்லது ஜூன் முதல் பாதி என் தேர்வு. பள்ளி விடுமுறையும் கிட்டத்தட்ட ஒத்துவரும். கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால் அக்டோபரிலும் போகலாம்.

முதல் பயணத்துக்கு நான் வால்பாறையைச் சொல்வேன். கொடைக்கானல் அழகுதான், தனக்கென்று ஓர் இனமும் வைத்திருக்கிறது, ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இரவுக் குளிரில் அசையாமல் நிற்பது சென்னைக்காரர்களுக்குச் சுலபம் இல்லை. வால்பாறை சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். சூடோஃபிலாட்டஸ் வயநாடென்சிஸ் என்ற பரவலான புதர்த் தவளை அங்கே காபித் தோட்டத்திலும் வேலியிலும் இருக்கிறது. 'ட்ரீங்க்... டிங்க் டிங்க்' என்ற குரல், ஒரு முறை கேட்டால் மறக்காது. அதோடு ராவோர்கெஸ்டெஸ் இனங்களும் உண்டு.

போகும் வழி எளிது. சென்ட்ரலிலிருந்தோ, ரயில் அங்கே நிற்குமானால் பெரம்பூரிலிருந்தோ கோயம்புத்தூருக்கு ரயில், அங்கிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன் சீட் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். கொடைக்கானல் போகிறவர்கள் எழும்பூரிலிருந்து கொடைரோடு வரை ரயிலில் போகலாம். சொந்த வண்டியில் போனால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், ஊட்டிக்கும் அதே விதி.

படி 6: அனுமதி, தங்குமிடம்

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். இரவில் என்றால் இன்னும் சிக்கல். "நான் தவளை பார்க்கத்தான் வந்தேன்" என்பது அங்கே செல்லாது. நல்லவேளை, நம் தேடலுக்குக் காட்டுக்குள் போகத் தேவையும் இல்லை. தோட்டமும் பழைய மரங்களும் உள்ள ஒரு ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். போன் செய்யும்போதே, "ராத்திரி வளாகத்துக்குள்ளேயே டார்ச் அடித்துத் தவளை பார்க்கலாமா, செடிக்கு மருந்து அடிக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். மருந்து அடிக்கும் தோட்டம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வளாகத்தை விட்டு இரவில் நடக்காதீர்கள். வால்பாறையில் யானையும் சிறுத்தையும் தேயிலைத் தோட்டத்துக்குள் சாதாரணமாக வந்து போகும். யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்கு எஸ்எம்எஸ்ஸிலும் சிவப்பு விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடே அங்கு உண்டு. அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்குத் தவளை வேண்டாம். கொடைக்கானலில் ஊருக்குள்ளேயே காட்டெருமை நிற்கும். புதரைப் பார்த்துக் குனிந்து நிற்கும் நமக்கு முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது, அதனால் ஒருவர் தேடும்போது இன்னொருவர் சுற்றிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 7: மூட்டை கட்டுதல்

தலையில் கட்டும் டார்ச், கூட ஒரு கை டார்ச். பாரிமுனைப் பக்கம் கிடைப்பதே போதும், ஆனால் வெளிச்சத்தைக் குறைக்க வழி இருக்க வேண்டும். குறையாவிட்டால் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு, முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ், அட்டைக்கான துணிச் சாக்ஸ், போனுக்கு ஜிப் கவர், படத்தில் அளவு தெரிவதற்கு ஒரு சின்ன ஸ்கேல்.

அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் எல்லோரும் சொல்வார்கள். சாக்ஸுக்கு வெளியே தடவுங்கள், கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். தவளை தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது, தண்ணீரையும் தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. உப்பு, புகையிலை, கொசுத் தைலம் எது கையில் இருந்தாலும் அதன் உடம்புக்குள் நேராகப் போகும். தொடாமல் இருப்பதே சரி.

மூட்டை கட்டுவதற்கு முந்தைய வேலைதான் உண்மையில் பெரியது. வடசென்னையில் பழகிய அதே பூட்ஸை மலைக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள். உலகம் முழுவதும் பல தவளை இனங்களை அழித்த கைட்ரிட் என்ற பூஞ்சை, தவளையின் தோலைத் தாக்கி உடம்பின் உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்துகிறது. ஈரச் சேற்றோடு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகக்கூடியது. மேற்கு மலைத்தொடரிலும் இது பதிவாகியிருக்கிறது. அதனால் பூட்ஸ் அடிப்பகுதியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மண் ஒட்டாமல் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் நனைத்து அலசி, மொட்டைமாடி வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்தால் தாங்காத பூஞ்சை இது, சென்னை வெயில் உங்களுக்காக வேலை செய்யும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவதாக இருந்தால் நடுவிலும் இதைச் செய்ய வேண்டும்.

படி 8: மலையில் முதல் இரவு

பகலிலேயே வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே சறுக்கும், எங்கே குழி, எந்தப் புதரில் நிழலும் ஈரமும் நிற்கிறது என்று பாருங்கள். அந்தி சாயும்போது வெளியே வந்து டார்ச் இல்லாமல் உட்காருங்கள். மேகம் மூடிய நாளில் பகலிலேயே ஒன்றிரண்டு கத்தும், ஆனால் ஆறரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். மழை விட்டு இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் மாலை கிடைத்தால் சாப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள்.

முதலில் எத்தனை வகைக் குரல் என்று மட்டும் எண்ணுங்கள். எது எது என்று பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். பிறகு தாழ்வான புதரிலிருந்து வரும் ஒரே ஒரு குரலைத் தேர்ந்தெடுத்து, இரண்டு டார்ச் வித்தையைச் செய்யுங்கள். மணலியில் செய்த அதேதான், செடி மட்டும் வேறு.

வெளிச்சம் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தவளையைத் தேடாமல், பளபளக்கும் ஒரு குமிழைத் தேடுங்கள். ராவோர்கெஸ்டெஸ் ஆண் கத்தும்போது தொண்டைக்கடியில் ஒற்றைக் குரல் பை ஊதி நிற்கும், அதன் தோல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. தவளையின் உடம்பு இலையின் நிறத்தில் கரைந்திருக்கும், இந்தக் குமிழ் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இலையின் மேல்பக்கம், நுனி, காம்பு சேரும் இடம் எல்லாம் பாருங்கள்.

கண்டதும் வெளிச்சத்தைக் குறைத்து, பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். ஃப்ளாஷ் போட்டுப் பத்துப் படம் எடுப்பதைவிட டார்ச் வெளிச்சத்தில் மூன்று படம் நல்லது. சில நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். மறுபடி கத்தத் தொடங்கினால் நீங்கள் அதைத் தொந்தரவு செய்யவில்லை என்று பொருள். இலையின் மேல் கண்ணாடி மணி மாதிரி முட்டைக் கொத்து தெரிந்தால் அந்த இலையை அசைக்கவும் வேண்டாம்.

படி 9: பெயர் வைப்பது

நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் பச்சை, பழுப்பு, முதுகில் கோடு உள்ளது, இல்லாதது என்று பல வேஷம் இருக்கும். வேறு வேறு இனம் ஒரே வேஷத்திலும் இருக்கும். அதனால் படம் எடுக்கும்போது பக்கவாட்டில் முழு உடம்பு, கண்ணும் செவிப்பறையும் தெரியும்படி ஒன்று, பின்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு எவ்வளவு என்று தெரிய ஒன்று, தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் உள்ள நிறம் தெரிய ஒன்று வேண்டும். அந்த மறைவான இடத்து மஞ்சளோ கருப்புப் புள்ளியோ முதுகைவிட நம்பகமானது. கால்விரல் முழுக்கச் சவ்வு இருந்தால் அது புதர்த் தவளையே இல்லை, பெரும்பாலும் மலபார்ப் பறக்கும் தவளையின் குட்டி.

இங்கேதான் காதைப் பழக்கியதற்குப் பலன் கிடைக்கும். சும்மா இலையில் உட்கார்ந்திருக்கும் சின்னத் தவளை என்றால், குட்டியா வளர்ந்ததா, ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாது. கத்துகிற தவளை என்றால் வளர்ந்த ஆண், சந்தேகமே இல்லை. அப்படியானால் ஸ்கேலில் பார்த்த அளவு அந்த இனத்து ஆணின் அளவு. குரல் பதிவும் கையில் இருக்கிறது. அதோடு படி 1-இல் சொன்ன கணவாய்க் கதையைச் சேருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கிறோம் என்றாலே பட்டியலில் பாதிக்கு மேல் அடிபட்டுவிடும்.

பதிவை, யார் வேண்டுமானாலும் தாங்கள் கண்ட உயிர்களைப் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இணையதளத்தில் போடுங்கள். படம், ஒலி இரண்டையும் ஒரே பதிவில் சேருங்கள், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் எழுதுங்கள். இனம் தெரியாவிட்டால் ராவோர்கெஸ்டெஸ் என்று பேரினத்தோடு நிறுத்துங்கள், தப்பான இனப்பெயரைவிட அது ஆய்வாளருக்குப் பயன்படும். அரிய இனம் என்று தோன்றினால் இருப்பிடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள், தவளையைப் பிடித்து விற்கிறவர்களும் இணையத்தைப் பார்க்கிறார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் இங்கே ரெட்டேரிப் பக்கம் மழை தொடங்கியிருக்கும், மலைச்சேறு ஒட்டிய பூட்ஸை மறுபடி கழுவிக் காயவைத்த பிறகே அதில் இறங்குங்கள்.